என்எஃப்எல் காயங்களுக்கு ஊக்கமருந்துதான் காரணமா?

கேள்வி கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் லைன்மேனாக, அதாவது முன்வரிசையில் நின்று எதிரணியோடு மோதுபவனாக, சேர்ந்திருக்கிறான். கோச் எடையைக் கூட்டச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து என்எஃப்எல், அதாவது அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக், பார்க்கிறார்கள். பார்க்கப் பார்க்க அப்பாவுக்கு இரண்டு சந்தேகம். 140 கிலோ ஆள் இந்த வேகத்தில் ஓடுவது மருந்து இல்லாமல் நடக்குமா? வாராவாரம் யாரையாவது வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோகிறார்களே, அதுவும் அந்த மருந்தின் விளைவுதானா? எழுதியிருப்பது இரண்டு கேள்விகள். ஆனால் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: மருந்தை எடுத்துவிட்டால் இந்த ஆட்டம் பத்திரமாகிவிடுமா, பையனை நம்பி அனுப்பலாமா? முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆகாது. மருந்து காயத்தைக் கொண்டுவருவதைவிட, காயம்தான் மருந்தைக் கொண்டுவருகிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

நான் பிசியோதெரபிஸ்ட். பதினேழு வருடமாக அமெரிக்காவில்தான் வேலை. முழங்கால், தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்து வருபவர்களைத் திரும்ப நடக்கவும் ஓடவும் வைப்பதே என் பிழைப்பு. அவர்களில் பாதிப்பேர் பள்ளி, கல்லூரி ஃபுட்பால் பையன்கள். என்எஃப்எல் அணி எதிலும் நான் வேலை பார்த்ததில்லை, அவர்களுடைய உடைமாற்றும் அறைக்குள் கால் வைத்ததும் இல்லை. ஆகவே அங்கே நடப்பதைப் பற்றிச் சொல்லும்போது பொதுவில் பதிவானதை மட்டும் சொல்கிறேன். முழங்காலைப் பற்றிச் சொல்வது என் கையால் தொட்டுப் பார்த்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஊரில் ஆஸ்துமாவுக்கு, தோல் அரிப்புக்கு, மூட்டு வீக்கத்துக்கு டாக்டர் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு, ஊக்கமருந்தாக எடுக்கும் ஸ்டீராய்டு வேறு. அது வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசோன் வகை. அதிக நாள் எடுத்தால் தசையைக் கரைக்கும். நாம் பேசுவது அனபாலிக் ஸ்டீராய்டு, அதாவது டெஸ்டோஸ்டிரோனும் அதைப் பார்த்து ஆய்வகத்தில் செய்த அதன் தம்பிகளும். இது தசையில் புரதம் சேர்வதைக் கூட்டுகிறது. கடுமையாக உழைத்த தசை சீக்கிரம் தேறுகிறது. சும்மா படுத்திருப்பவனை இது பயில்வான் ஆக்காது. இன்றைக்கு இரும்பு தூக்கியவன் நாளைக்கும் அதே வேகத்தில் தூக்க முடிகிறது, அதில்தான் லாபமே. இந்த "சீக்கிரம் தேறுவது" என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த ஆட்டத்துக்குள் மருந்து திருட்டுத்தனமாக நுழையவில்லை, சாப்பாட்டு மேசை வழியாகத்தான் நுழைந்தது. 1963-இல் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணி ஊருக்குக் கிழக்கே ரஃப் ஏக்கர்ஸ் என்ற வறண்ட பண்ணை ஒன்றில் பயிற்சி முகாம் போட்டது. தலைமைப் பயிற்சியாளர் சிட் கில்மன், எடைப்பயிற்சிக்கு ஆல்வின் ராய் என்பவரைக் கொண்டுவந்தார். ராய் அமெரிக்க ஒலிம்பிக் பளுதூக்கும் அணியோடு இருந்து வந்தவர். அங்கே பழகிய டயனபால் என்ற அனபாலிக் ஸ்டீராய்டு மாத்திரையும் கூடவே வந்தது. சாப்பாட்டு மேசையில் கிண்ணத்தில் உப்பு, மிளகு மாதிரி மாத்திரை இருக்கும், சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ள வேண்டும். புரதம் உடம்பில் ஒட்ட உதவும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சில வாரம் கழித்து அதன் அபாயம் தெரிந்து சில வீரர்கள் எதிர்த்த பிறகுதான் விருப்பமிருந்தால் எடுக்கலாம் என்று ஆனது. அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டத்தில் சார்ஜர்ஸ் பாஸ்டன் பேட்ரியட்ஸை 51-10 என்று நொறுக்கியது. வென்றது மாத்திரையாலா, எடைப்பயிற்சியே இல்லாத காலத்தில் முதலில் எடை தூக்கியதாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அன்றைக்கு இது சட்டவிரோதமும் இல்லை, லீக் விதிகளுக்கு எதிரானதும் இல்லை.

அதன்பின் இருபத்தைந்து வருடம் ஏறக்குறைய திறந்த வீடுதான். லீக் சோதனையே 1987-இல்தான் ஆரம்பித்தது, தடை விதிக்கத் தொடங்கியது 1989-இல். நடுவில் 1985-இல் முன்பு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் ஆடிய ஸ்டீவ் கோர்சன், தான் ஸ்டீராய்டு எடுத்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிற்பாடு அவருக்கு இதயத் தசை தளர்ந்து, மாற்று இதயத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் போட்டார்கள். பிறகு உணவும் உடற்பயிற்சியுமாக ஓரளவு மீண்டார். 1991-இல் லைல் அல்சாடோ. டென்வர், கிளீவ்லாந்து, ரெய்டர்ஸ் அணிகளில் எதிரிகளைக் கலங்கடித்த தடுப்பாட்டக்காரர். மூளையில் புற்றுநோய் வந்த நிலையில், இத்தனை நாள் பொய் சொன்னேன், ஸ்டீராய்டுதான் என்னை இப்படி ஆக்கியது என்றார். 1992 மே மாதம், 43 வயதில் இறந்தார். இன்றைக்கும் ஸ்டீராய்டு என்றால் அமெரிக்காவில் நினைவுக்கு வரும் முகம் அவருடையதுதான். ஆனால் நேர்மையாகச் சொன்னால், ஸ்டீராய்டு அந்த வகை மூளைப் புற்றுநோயைத் தருகிறது என்பதற்கு மருத்துவச் சான்று கிடையாது. இதயத்தைக் கெடுக்கிறது, ரத்தக்கொழுப்பைக் குலைக்கிறது, உடம்பு தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனை நிறுத்திவைக்கிறது என்பதெல்லாம் நிச்சயம். அல்சாடோவின் கட்டி நிச்சயம் இல்லை. பிள்ளைகளைப் பயமுறுத்த அவர் கதையைச் சொல்பவர்களிடம் எனக்கு இதுதான் குறை. பிள்ளை ஒருநாள் கூகுளில் தேடி அது நிரூபணமாகாதது என்று கண்டுபிடித்தால், நிரூபணமான இதயக் கோளாறையும் சேர்த்தே நம்பமாட்டான்.

சரி, இன்றைக்கு என்ன நிலைமை? பருவம் நடக்கும்போது வாரம் ஒவ்வொரு அணியிலும் பத்துப் பேரைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சிறுநீர் சோதிக்கிறார்கள். ஆட்டமில்லாத மாதங்களிலும் உண்டு. மனித வளர்ச்சி ஹார்மோன் சிறுநீரில் சிக்காது, ரத்தம் எடுக்க வேண்டும். அதற்கு 2011 ஒப்பந்தத்திலேயே கொள்கையளவில் தலையாட்டிவிட்டு, எந்த அளவுக்கு மேல் இருந்தால் குற்றம் என்று வீரர்கள் சங்கமும் லீக்கும் சண்டை போட்டு, சோதனை உண்மையில் தொடங்கியது 2014 அக்டோபரில். வழக்கமான சோதனை முறையில் அந்த ஹார்மோன் ஊசி போட்ட ஓரிரு நாளுக்குள் மட்டுமே பிடிபடும். போதாததற்கு ஆட்டம் நடக்கும் நாளில் அந்தச் சோதனை கிடையாது. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். தண்டனையும் ஒலிம்பிக்கோடு ஒப்பிட்டால் செல்லமாகத் தட்டுவது மாதிரிதான். அங்கே தெரிந்தே எடுத்த ஸ்டீராய்டுக்கு நான்கு வருடம் போகும். இங்கே என்எஃப்எல் வீரர் டிஆண்ட்ரே ஹாப்கின்ஸுக்கு 2022-இல் ஆஸ்டரின் என்ற தசை வளர்க்கும் பொருளுக்காக ஆறு ஆட்டத் தடை. தெரிந்து எடுக்கவில்லை என்றார் அவர். இன்னொரு வீரர் ஜூலியன் எடெல்மன் 2017 ஆகஸ்டில் முழங்கால் ஜவ்வு கிழிந்து அந்தப் பருவம் முழுக்க வெளியே இருந்தார். அதிலிருந்து திரும்பி வரும் நேரத்தில் 2018-இல் ஊக்கமருந்து விதியில் நான்கு ஆட்டத் தடை. அதே பருவத்தின் முடிவில், 2019 பிப்ரவரியில், லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் சிறந்த வீரர் விருது. யாரும் பெரிதாகக் கூச்சல் போடவில்லை. பேஸ்பால் வீரர் யாராவது இப்படிச் செய்திருந்தால் ஆயுசுக்கும் அந்தக் கறை போயிருக்காது. ஃபுட்பால் ரசிகர்கள் ஏன் இதை மன்னிக்கிறார்கள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தலைக்கவசத்துக்குள் முகம் தெரியாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் எத்தனை பேர் எடுக்கிறார்கள்? பிடிபட்டவர்களின் எண்ணிக்கையை வைத்து எடுப்பவர்களின் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது. எல்லாரும் எடுக்கிறார்கள் என்பவரும் ஊகிக்கிறார், யாருமே இல்லை என்பவரும் ஊகிக்கிறார். கையில் இருக்கும் உருப்படியான எண் ஒன்று உண்டு. 2009-இல் வெளியான ஆய்வில், ஓய்வுபெற்ற 2,552 என்எஃப்எல் வீரர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள். ஆடிய காலத்தில் ஸ்டீராய்டு எடுத்ததாகத் தாங்களே சொன்னவர்கள் 9.1 சதவீதம். தாக்குதல் லைன்மேன்களில் மட்டும் பார்த்தால் 16.3, தடுப்பு லைன்மேன்களில் 14.8. தானாக முன்வந்து சொன்னவர்கள் இவர்கள். சொல்லாமல் மறைத்தவர்களும் இருந்திருப்பார்கள் என்பதால் இதைக் குறைந்தபட்ச எண்ணாக எடுத்துக்கொள்வது நியாயம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அதே ஆய்வில் பாதிப் பதில் இருக்கிறது. ஸ்டீராய்டு எடுத்ததாகச் சொன்னவர்களுக்கு முதுகெலும்புத் தட்டு பிதுங்குவது, முழங்கால் ஜவ்வு கிழிவது, முழங்கை, கழுத்து, கணுக்கால் காயங்கள் எல்லாம் மற்றவர்களைவிட அதிகம். ஆனால் தசையும் தசைநாணும் கிழிந்ததில் வித்தியாசம் தெரியவில்லை. இது வேடிக்கையான முடிவு. ஏனென்றால் ஜிம்மில் எல்லாரும் சொல்லும் விளக்கம் இதற்கு நேர்மாறு: ஸ்டீராய்டால் தசை வேகமாக வளர்ந்துவிடுகிறது, அதை எலும்போடு கட்டும் தசைநாண் அதே வேகத்தில் வளருவதில்லை, பழைய கயிற்றில் புது லாரியை இழுத்த மாதிரி அறுந்துவிடுகிறது என்பார்கள். எலிகளில் தசைநாண் விறைத்துப்போவதைக் காட்டியிருக்கிறார்கள். மனிதர்களில், அதிலும் பளுதூக்குபவர்களில், அறுந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. நானே அந்த விளக்கத்தை நோயாளிகளிடம் பல வருடம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. ஃபுட்பால் வீரர்களில் அது உறுதியாகவில்லை. மூட்டுக் காயம் கூடியதற்கும் எளிய விளக்கம் ஒன்று உண்டு. ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்கள் லைன்மேன்கள், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஐம்பது அறுபது தடவை இன்னொரு மலையோடு மோதுபவர்களும் அவர்கள்தான். மருந்து மூட்டைக் கெடுத்ததா, மோதலா, மருந்தால் ஏறிய எடையா? அந்தக் கேள்வித்தாள் இதைப் பிரித்துக் காட்டாது.

என் கணிப்பைக் கேட்டால் எடைதான் என்பேன். 1980 வாக்கில் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ தாண்டிய வீரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றைக்கு நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், தாக்குதல் லைனில் அது சராசரிக்கும் கீழே. சோதனை கடுமையான பிறகும் எடை ஏறிக்கொண்டேதான் வந்தது. ஆகவே மருந்து மட்டும் காரணமாக இருக்க முடியாது. பள்ளியிலிருந்தே எடைப்பயிற்சி, கணக்குப் போட்டுத் தரும் சாப்பாடு, பெரிய உடம்பு உள்ளவனைத் தேடித் தேடிப் பிடிக்கும் தேர்வு முறை எல்லாம் சேர்ந்தது. முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற ஜவ்வு உங்கள் சுண்டுவிரல் கனம்தான் இருக்கும். 60 கிலோ ஆளுக்கும் 140 கிலோ ஆளுக்கும் அது அதே விகிதத்தில் பெரிதாவதில்லை. பாதம் புல்லில் ஊன்றி நிற்கும்போது உடம்பு மட்டும் திரும்பினால் போதும், யாரும் தொடவேண்டியதுகூட இல்லை, பட்டென்று ஒரு சத்தம். கிழிந்த பையன்கள் எல்லாரும் அந்தச் சத்தத்தைத்தான் முதலில் சொல்வார்கள்.

பெயர்பெற்ற காயங்களை எடுத்துப் பார்த்தாலும் மருந்தைத் தேடவேண்டிய அவசியம் வராது. அலெக்ஸ் ஸ்மித்தின் கால் 2018 நவம்பர் 18-இல் முறிந்தது இரண்டு பேர் ஒன்றாக மேலே விழுந்ததால். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து, கிருமி தொற்றி, 17 அறுவை சிகிச்சை செய்து காலைக் காப்பாற்றினார்கள். டமார் ஹாம்லினின் இதயம் 2023 ஜனவரி 2 அன்று மைதானத்திலேயே நின்றது. நெஞ்சில் விழுந்த அடி, இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடித்துளியில் பட்டதால் வந்தது அது. உடனே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். ஆட்டம் ஆடப்படும் விதமே இப்படி.

இப்போது அந்த "சீக்கிரம் தேறுவது" விஷயத்துக்கு வருகிறேன். ஏசிஎல் அறுவை சிகிச்சை முடிந்த சில நாளில் பையன் என் மேசையில் படுத்திருப்பான். முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்து என்பேன். தொடை அசையாது. முகம் சிவக்கும், வியர்க்கும், பல்லைக் கடிப்பான், தொடைத் தசை மட்டும் சுவிட்ச் அணைத்த மாதிரி கிடக்கும். 150 கிலோ வைத்து உட்கார்ந்து எழுந்தவன் இவன். சில வாரம் கழித்து டேப் வைத்து அளந்தால் மூன்று சென்டிமீட்டர் இளைத்திருக்கும். சில பையன்கள் அந்த டேப்பைப் பார்த்துத்தான் முதல்முறை அழுவார்கள், அறுவை சிகிச்சைக்கு அழாதவர்கள். அப்படி ஒரு கல்லூரி லைன்மேன், ஏழாவது வாரம், கதவைச் சாத்திவிட்டு போனை எடுத்து ஒரு படம் காட்டினான். சின்னக் குப்பி, மேலே ஆய்வுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. ஹாப்கின்ஸ் மாட்டிய அதே ஆஸ்டரின்தான். இணையத்தில் இப்படித்தான் விற்கிறார்கள். இதைக் குடித்தால் பலசாலி ஆவேனா என்று அவன் கேட்கவில்லை. ஆகஸ்ட் முகாமுக்குள் கால் வந்துவிடுமா என்று கேட்டான். என் இடத்தை வேறொருவன் பிடித்துவிட்டான் என்றும் சொன்னான்.

கல்லூரியிலேயே இப்படி என்றால் என்எஃப்எல்லில் யோசித்துப் பாருங்கள். ஒரு அணியின் பட்டியலில் 53 பேர்தான். பெரும்பாலானோரின் ஒப்பந்தப் பணம் முழுக்க உறுதி செய்யப்பட்டதல்ல, வேண்டாம் என்றால் அனுப்பிவிடலாம். வீரர்கள் சங்கக் கணக்கில் ஒருவர் சராசரியாக ஆடுவது 3.3 வருடம். முதல் வருடத் தொடக்கத்தில் பட்டியலில் இடம் பிடித்தவர்களை மட்டும் எண்ணி ஆறு வருடம் என்கிறது லீக். ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற மூன்று பருவம் ஆடியிருக்க வேண்டும். இரண்டாவது பருவத்தில் தொடைத் தசை கிழிந்தவனுக்கு ஆறு வாரமா நான்கு வாரமா என்பது வாழ்க்கைப் பிரச்சினை. நட்சத்திரம் ஆவதற்காக மருந்தைத் தொடுபவர் இருக்கலாம். வேலை போகாமல் இருக்கத் தொடுபவரே அதிகம் என்பது நான் பார்த்தவரையில் என் எண்ணம்.

மருந்து உண்மையிலேயே வேலை செய்யுமா? கொஞ்சம் செய்யலாம் என்பதுதான் பதில். டல்லாஸ் கூடைப்பந்து அணியின் உரிமையாளராக இருந்த மார்க் கியூபன் பணம் கொடுத்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஏசிஎல் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள். இருபது பேர்கூட இல்லாத சின்ன ஆய்வு. ஹார்மோன் போட்டவர்களின் தொடை பலம் போலி ஊசி போட்டவர்களைவிட நன்றாகத் தங்கியது. ஆனால் பலம் வந்துவிட்டால் முழங்கால் தயார் என்று ஆகாது. கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக உள்ளே வைத்துத் தைத்த ஒட்டு முதல் சில வாரத்தில் பலம் குறைந்து, பிறகுதான் மெல்ல மெல்ல ஜவ்வாக மாறும். அதன் கடிகாரம் தசையின் கடிகாரம் அல்ல. ஒன்பது மாதத்துக்கு முன் திரும்பினால் மறுபடி கிழியும் வாய்ப்பு கூடுவதை நார்வே ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆக, தொடை தயார், ஜவ்வு தயாரில்லை என்ற நிலையில் ஒருவனை மருந்து மைதானத்துக்கு அனுப்பிவைக்கலாம். மருந்து காயத்தைத் தருகிறதா என்று கேட்டீர்களே, எனக்கு மிகவும் நம்பத்தகுந்ததாகத் தோன்றும் வழி இதுதான். ஒன்பது பத்து மாதத்தில் திரும்பி வருவதை மட்டும் வைத்து ஒருவரைச் சந்தேகப்படக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தினம் ஆறு மணி நேரம் இதற்கென்றே ஆட்களோடு உழைத்தால் சுத்தமாகவே வரலாம். பெயர் சொல்லிச் சந்தேகப்படுவதை நான் தவிர்க்கிறேன்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கேள்வியில் வரவே இல்லை. என்எஃப்எல் வீரர்களின் உடம்பை அதிகம் பாதித்தவை தடைசெய்யப்பட்ட மருந்துகள் அல்ல, அணி மருத்துவர் கையாலேயே கொடுத்த வலிமருந்துகள்தான் என்பேன். டோரடால் என்று ஒரு ஊசி. அறுவை சிகிச்சைக்குப் பின் சில நாள் போடுவதற்கான பலமான வலிநிவாரணி. ஆட்டத்துக்கு முன் வரிசையில் நின்று இடுப்பில் போட்டுக்கொண்டதைப் பல முன்னாள் வீரர்கள் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் வராத வலிக்கு முன்கூட்டியே ஊசி! சிறுநீரகத்துக்குக் கேடு என்பது ஒருபக்கம். ரத்தம் உறைவதை அது தடுக்கும். தலையில் அடிபடும் ஆட்டத்தில் அது என்ன அர்த்தம் என்று மருத்துவம் படிக்காதவருக்கும் புரியும். அணி மருத்துவர்களே 2012-இல் குழு அமைத்து, முன்கூட்டியே போடுவதைக் கட்டுப்படுத்தச் சொன்னார்கள். 2014-இல் முன்னாள் வீரர்கள் இந்த மருந்துகளுக்காக லீக் மீது வழக்குப் போட்டார்கள். அந்த வருட நவம்பரில் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் ஆட்டம் முடிந்த கையோடு சில அணிகளின் மருத்துவப் பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 644 முன்னாள் வீரர்களிடம் பேசி 2011-இல் வெளியிட்ட கணக்கில், ஆடும்போது ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மாத்திரை, எடுத்தவர்கள் 52 சதவீதம். அவர்களில் 71 சதவீதம் பேர் சொன்ன அளவுக்கு மேலோ சொல்லாத விதத்திலோ எடுத்திருந்தார்கள்.

வலி என்பது உடம்பின் காவல்காரன். அவன் வாயைக் கட்டிவிட்டு ஆட அனுப்புவது ஆட்டத்திறனைக் கூட்டுவதா இல்லையா? விதிப்படி இல்லை. ஆட முடியாதவனை ஆடவைக்கும் டோரடாலுக்குத் தடையில்லை, கிழிந்த தசையைச் சீக்கிரம் ஒட்டவைக்கும் ஹார்மோனுக்குத் தடை. நான் ஹார்மோனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. எந்த இடத்தில் கோடு போட்டார்கள் என்பதைப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

மூளையைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்டீலர்ஸின் மைக் வெப்ஸ்டர் 2002-இல் 50 வயதில் இறந்தார். அவர் மூளையை வெட்டிப் பார்த்த பென்னட் ஒமாலு, தாவ் என்ற புரதம் திட்டுத் திட்டாகப் படிந்திருப்பதைக் கண்டு 2005-இல் எழுதினார். இந்த மூளைச் சிதைவு நோயைத்தான் சிடிஇ என்கிறார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகம் 2017-இல் 111 என்எஃப்எல் வீரர்களின் மூளையைப் பார்த்ததில் 110-இல் அது இருந்தது. உடனே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் செய்தன. உயிரோடு இருக்கும்போது இதை உறுதி செய்யும் சோதனையும் இன்னும் கிடையாது. இதுவும் ஸ்டீராய்டு வேலையா என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். குத்துச்சண்டைக்காரர்களிடம் இந்தத் தடுமாற்றத்தை மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் 1928-லேயே விவரித்துவிட்டார். டெஸ்டோஸ்டிரோனை ஆய்வகத்தில் செய்யக் கற்றதே 1935-இல். தலையில் திரும்பத் திரும்பப் படும் அடிதான் காரணம். மயங்கி விழவைக்கும் ஒரு பெரிய அடியைவிட, யாருமே கவனிக்காத ஆயிரம் சின்ன அடிகள் முக்கியம் என்று இப்போது கருதுகிறார்கள். லைன்மேனுக்கு அது பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் விழுகிறது.

இனி உங்கள் பையன். கோச் எடை கூட்டச் சொன்னால் எவ்வளவு, எத்தனை மாதத்தில் என்று எண்ணாகக் கேளுங்கள். பதினான்கு வயதில் சோறு, முட்டை, பருப்பு, பால், தூக்கம், ஒழுங்கான எடைப்பயிற்சி இவற்றால் ஏறுவது போதும். கடையில் விற்கும் டப்பாக்களை நம்பாதீர்கள். மினசோட்டா வைக்கிங்ஸ் வீரர்கள் இருவர் 2008-இல் சிக்கியது ஸ்டார்கேப்ஸ் என்ற எடைகுறைப்பு மாத்திரையால். உள்ளே டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத புமெட்டனைடு என்ற சிறுநீர் பெருக்கும் மருந்து இருந்தது, லேபிளில் அதன் பெயரே இல்லை. வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் விளையாட்டு வீரர்களுக்காக வெளி ஆய்வகம் சோதித்த என்எஸ்எஃப் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் முழு உத்தரவாதம் இல்லை, ஆனால் இருப்பதில் நல்லது. டெக்சாஸ் பள்ளிகளில் 2008 முதல் ஸ்டீராய்டு சோதனை நடத்தினார்கள். ஆயிரமாயிரம் மாணவர்களைச் சோதித்து மிகச் சிலரே சிக்கியதால், 2015-இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே அரசு பார்த்துக்கொள்ளும் என்று இருக்க வேண்டாம்.

உண்மையில் நான் அதிகம் பயப்படுவது ஆகஸ்ட் வெயிலுக்கும் அவன் தலைக்கும்தான். வைக்கிங்ஸ் அணியின் கோரி ஸ்ட்ரிங்கர் 2001-இல் பயிற்சி முகாமில் வெப்பத்தாக்கால் இறந்தார், 27 வயது. பெரிய உடம்பு சூட்டை மெதுவாகத்தான் வெளியே விடும். மைதானத்தில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி தயாராக இருக்கிறதா என்று முதல் வாரமே போய்ப் பாருங்கள். பையன் சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது என்றால் அன்றே மருத்துவமனை, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால், டெக்சாஸில் 2011 முதல் உள்ள சட்டப்படி அவனை அன்றைக்குத் திரும்ப ஆடவிடக்கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகும் பெற்றோர் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அவன் மறுபடி இறங்கலாம், கோச்சுக்கு அந்த அதிகாரம் இல்லை. பருவத்தின் இறுதிச் சுற்றான பிளேஆஃப் வாரத்தில்தான் அந்தப் படிவம் வரும். பையன், "ஒண்ணும் இல்லப்பா, சரியாயிடுச்சு" என்பான். அன்றைக்கு இரவு விளக்கை எரியவிட்டு அவனை ஒரு பக்கம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணைச் சுருக்கினாலோ வரியைத் தவறவிட்டாலோ, பேனாவை எடுக்காதீர்கள்.